இறந்தவர் பெயரில் நிற்கும் பட்டா

குடும்பத் தலைவர் காலமான வீட்டில் கருமாதி முடியும் வரையில் நிலத்தைப் பற்றிப் பேசுவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் மரியாதையாகக் கருதப்படுவதில்லை. அவ்வழக்கம் நல்லதே. ஆயின், கருமாதி முடிந்த பின்னரும் அப்பேச்சை எடுப்பார் எவருமில்லை என்பதே சங்கடம். அறுவடை ஆகட்டும் என்றும், கடைசிப் பெண்ணின் கலியாணம் முடியட்டும் என்றும், வெளியூரிலிருக்கும் தம்பி வந்து சேரட்டும் என்றும் நாட்கள் கழிந்து வருஷங்களாகின்றன. நிலத்தை உழுபவர் உழுதுகொண்டேயிருக்கிறார். தீர்வையையும் அவரே கட்டுகிறார். பட்டா மாத்திரம் இறந்தவர் பெயரிலேயே நிற்கிறது. கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்கும்போதோ, வெள்ள நிவாரணம் கணக்கெடுக்கும்போதோ, சாலைக்கென்று சர்க்கார் நிலத்தை எடுத்து நஷ்டஈடு கொடுக்க வரும்போதோதான் இக்குறை வெளிப்படுகிறது. அதற்குள் ஐந்து பேராயிருந்த வாரிசுகள் பதினைந்து பேராகியிருப்பார்கள்.

பட்டாவைப் பற்றிக் குடியானவர்களிடையே இரண்டு தப்பெண்ணங்கள் உண்டு. பட்டாவில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்கே நிலம் சொந்தம் என்பது ஒன்று. இத்தனை வருஷம் தீர்வை கட்டி அனுபவித்து வந்தவருக்கே நிலம் சொந்தமாகிவிடும் என்பது மற்றொன்று. இரண்டும் சரியல்ல. பட்டா என்பது தீர்வை வசூலுக்காகவும் நில நிர்வாகத்துக்காகவும் வருவாய்த் துறையார் வைத்திருக்கும் பதிவு. அது அனுபோகத்துக்குச் சான்றாகலாமேயன்றி, பாத்தியதையைத் தானாக உண்டாக்குவதுமில்லை, இருக்கிற பாத்தியதையை அழிப்பதுமில்லை. கூட்டுப் பாத்தியமுள்ள நிலத்தில் ஒருவர் தனியே உழுது வந்தாலும், அவருடைய அனுபோகம் மற்றப் பாகஸ்தர்களுக்காகவும் நடந்த அனுபோகமாகவே கோர்ட்டாரால் கொள்ளப்படும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து, அவர்கள் அறியும்படி அவர்களை விலக்கி வைத்தாலன்றி, முப்பது வருஷம் உழுதாலும் தனிப் பாத்தியதை ஏற்படாது.

தாமதம் எவ்வாறு பாகத்தைச் சிக்கலாக்குகிறது என்பதை ஓர் உதாரணத்தால் எளிதில் விளக்கலாம். காவிரிப் பாசனத்தில் ஆறு ஏக்கர் நஞ்சையைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கிய ஓர் இந்துக் குடியானவர், உயில் எழுதாமல் 1962ஆம் வருஷம் காலமானதாக வைத்துக்கொள்வோம். அவருக்கு மனைவியும் மூன்று பிள்ளைகளும் இரண்டு பெண்களும் உண்டு. தாயார் முன்னரே இறந்துவிட்டார். 1956 ஜூன் 17 முதல் அமலிலுள்ள இந்து வாரிசுரிமைச் சட்டப்படி இந்த ஆறு பேரும் சமமான வாரிசுகள். ஆளுக்கு ஒரு ஏக்கர் வீதம் பாகம். அந்த வருஷத்திலேயே உட்கார்ந்து பேசியிருந்தால் ஒரு பாகப்பத்திரத்தோடு காரியம் முடிந்திருக்கும். அவ்வாறு செய்யவில்லை.

1975இல் தாயார் இறக்கிறார். அவருடைய ஒரு ஏக்கர் ஐந்து மக்களுக்கும் ஆளுக்கு 20 சென்ட் வீதம் சேர, ஒவ்வொருவர் பங்கும் 120 சென்ட் ஆகிறது. 1990இல் மூத்த பிள்ளை, மனைவியையும் இரண்டு ஆண் மக்களையும் இரண்டு பெண் மக்களையும் விட்டு இறக்கிறார்; அவருடைய 120 சென்ட் இந்த ஐவருக்கும் ஆளுக்கு 24 சென்ட். 1998இல் மூத்த பெண் இறக்கிறார். அவருடைய பங்கு கணவருக்கும் மூன்று மக்களுக்குமாக ஆளுக்கு 30 சென்ட். அவருக்கு மக்கள் இல்லாதிருந்தால், தாய் தந்தையரிடமிருந்து வந்த அப்பங்கு கணவருக்குப் போகாமல், தந்தையின் வாரிசுகளுக்கே திரும்பியிருக்கும். சம்பந்தி வீடுகளுக்கிடையே ஏற்படும் பிணக்குகளில் பல, இந்த ஒரு விதியை அறியாமையால் வளர்பவை.

இரண்டாவது பிள்ளைக்குச் சந்ததியில்லை. அவர் 2010இல் இறக்கவே, 120 சென்டும் அவருடைய மனைவிக்கே முழுமையும் சேர்கிறது. இங்கேதான் ஊரார் வழக்கமாகத் தவறிப் போகிறார்கள். “பிள்ளையில்லாத சொத்து அண்ணன் தம்பிக்கு வந்துவிட்டது” என்று எண்ணி, அந்த அம்மாளை வெறும் ஜீவனாம்சக்காரியாக நடத்துகிறார்கள். அவரோ முழு உரிமையாளர். விரும்பினால் தம் பங்கைத் தம் உடன்பிறந்தார் மக்களுக்கு உயில் எழுதி வைக்கவும் சட்டம் இடங்கொடுக்கிறது. அவர் உயில் எழுதாமல் 2015இல் இறந்ததாகக் கொண்டால், கணவரிடமிருந்து வந்த சொத்து கணவரின் வாரிசுகளுக்குப் போகும். அன்று உயிரோடிருக்கும் மூன்றாவது பிள்ளையும் இரண்டாவது பெண்ணுமே அவ்வாரிசுகள். ஆளுக்கு 60 சென்ட். முன்னரே இறந்துபோன மூத்த பிள்ளையின் மக்களுக்கும், மூத்த பெண்ணின் மக்களுக்கும் இதில் பங்கில்லை. உடன்பிறந்தார் உயிரோடிருக்கையில் உடன்பிறந்தாரின் மக்கள் வரிசையில் பின்னுக்குப் போய்விடுகிறார்கள்.

ஆக, மூன்றாவது பிள்ளைக்கு 180 சென்ட், இரண்டாவது பெண்ணுக்கு 180 சென்ட், மூத்த பிள்ளையின் குடும்பத்தில் ஐவருக்கு 24 சென்ட் வீதம், மூத்த பெண்ணின் குடும்பத்தில் நால்வருக்கு 30 சென்ட் வீதம். ஆறு ஏக்கருக்குப் பாத்தியஸ்தர் பதினொருவர். உழுபவரோ மூன்றாவது பிள்ளை ஒருவரே. அறுபது வருஷமாகப் பட்டா பாட்டனார் பெயரில். இந்நிலையில் அவர் ஆறு ஏக்கரையும் தம்முடையதென்று எவருக்கேனும் கிரயம் எழுதினால், வாங்குபவருக்கு 180 சென்டுக்கு மேல் ஒன்றும் சேராது. அதுவும் இன்ன பாத்தி, இன்ன வரப்பு என்று காட்ட முடியாத பிரிபடாத பங்கு.

“பாட்டன் சொத்து பேரனுக்கு” என்ற சொல்லும் இவ்விடத்தில் ஆராயத்தக்கது. மேற்கண்ட உதாரணத்தில் பாட்டனார் சொத்து சுயார்ஜிதம். அது பிள்ளைக்கு வாரிசு முறையில் வரும்போது அப்பிள்ளையின் தனிச் சொத்தாகவே வருகிறதென்றும், அவருடைய மக்களுக்குப் பிறப்பினால் அதில் பங்கில்லையென்றும் சுப்ரீம் கோர்ட்டார் 1986இல் தீர்மானித்தார்கள். தந்தை உயிரோடிருக்கையில் பேரன்மார் பாகம் கேட்டுத் தாவா போடுவதும், பேரன்மார் கையெழுத்து இல்லையென்று கிரயம் வாங்குபவர் பின்வாங்குவதும் பெரும்பாலும் இதை அறியாமையால் நிகழ்வன.

தலைமுறை தலைமுறையாகப் பிரிபடாமல் வந்த பிதிரார்ஜிதச் சொத்தின் கதை வேறு. அதில் பிறப்பினால் உரிமை உண்டு. பெண் மக்களுக்கும் அவ்வுரிமை உண்டு. தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல், அன்று கலியாணமாகாதிருந்த பெண்களுக்கு இவ்வுரிமை அளிக்கப்பட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் அமலுக்கு வந்த மத்தியச் சட்டத் திருத்தம், கலியாணமான பெண், ஆகாத பெண் என்ற வித்தியாசத்தை நீக்கிவிட்டது. அத்தேதியில் தந்தை உயிரோடிருக்க வேண்டும் என்பதில்லையென்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டார் விளக்கினார்கள். 2004 டிசம்பர் 20க்கு முன் ரிஜிஸ்தர் செய்த பத்திரத்தினாலோ கோர்ட்டு டிக்ரியினாலோ நடந்த பாகங்களை இத்திருத்தம் கலைப்பதில்லை. ஆயின், கிராமங்களில் பெரும்பாலும் நடப்பது வாய்ப்பாகமே. பெரியவர்கள் நான்கு பேர் வரப்பின்மேல் நின்று, கிழக்குப் பாதி மூத்தவனுக்கு, மேற்குப் பாதி இளையவனுக்கு என்று சொல்லிவிட்டுப் போவதுண்டு. அவ்வாறான பாகம் முன்னரே நடந்தது என்ற வாதத்தை, சர்க்கார் தஸ்தாவேஜுகளால் ஐயமின்றி விளங்கினாலொழிய, சாதாரணமாக ஏற்பதற்கில்லை என்றும் அதே தீர்ப்பு கூறுகிறது. வாய்ப்பாகம் நடந்த காலத்திலேயே அவரவர் பாகத்துக்குத் தனிப் பட்டா பெற்றுக்கொண்டவர்களின் நிலைமை, பெறாதவர்களின் நிலைமையைக் காட்டிலும் எவ்வளவோ மேல்.

இதற்கும் முந்திய காலத்துப் பட்டாக்கள் இன்னும் உண்டு. 1937ஆம் வருஷத்து இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் முதலில் விவசாய நிலத்துக்குச் செல்லவில்லை. சென்னை மாகாணத்தில் 1947இல் ஒரு தனிச் சட்டத்தினால்தான் அது விவசாய நிலத்துக்கும் விரிக்கப்பட்டது. அப்போது விதவைக்குக் கிடைத்தது ஆயுட்கால உரிமையே. 1956இன் சட்டம் அவர்கள் கைவசமிருந்த அவ்வுரிமையை முழு உரிமையாக்கிற்று. பாட்டியார் பெயரில் பழைய பட்டா இருக்கக் கண்டால், அவர் எந்த வருஷம் விதவையானார், 1956இல் நிலம் யார் வசம் இருந்தது என்பவற்றை விசாரிக்காமல் பங்கைக் கணக்கிடலாகாது.

மேற்கூறியவை இந்துக்களுக்கு மாத்திரம் உரியவை. கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவியும் மக்களும் இருப்பின் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கும், மிச்சம் ஆண் பெண் பேதமின்றி மக்களுக்கும். முஸ்லிம்களுக்கு ஷரியத் முறை. விவசாய நிலமும் அதில் அடங்கும்படி சென்னை மாகாணத்தில் 1949இலேயே சட்டம் திருத்தப்பட்டது.

இனி, செய்ய வேண்டிய காரியங்கள். மரணத்தை 21 நாட்களுக்குள் பதிவு செய்தல் வேண்டும். கால தாமதமானால் அபராதக் கட்டணமும் மேலதிகாரியின் அனுமதியும், ஒரு வருஷம் கடந்தால் மாஜிஸ்திரேட்டின் உத்தரவும் தேவைப்படும். இறப்புச் சான்றில் எழுதப்படும் பெயரும் பட்டாவிலுள்ள பெயரும் ஒத்திருக்க வேண்டியது முக்கியம். ஊரில் வழங்கும் பெயர் ஒன்றாகவும், பத்திரத்தில் இன்னொன்றாகவும், பட்டாவில் தகப்பனார் பெயர் தவறாகவும் இருப்பது சர்வ சாதாரணம். 1980களில் நடந்த நிலப்பதிவு மேம்பாட்டு வேலையில் நேர்ந்த எழுத்துப் பிழைகள் பலவும் இன்றுவரை திருத்தப்படாமலே கிடக்கின்றன. இறந்தவர் பெயரில் பிழை இருப்பின் முதலில் அதைத் திருத்திக்கொண்ட பின்னரே மேலே செல்ல வேண்டும்.

அடுத்தது தாசில்தார் வழங்கும் வாரிசுச் சான்று. இ-சேவை மையத்தில் மனுக் கொடுத்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து அறிக்கை அனுப்புவார்கள். கர்ணம், மணியம் என்ற பரம்பரை உத்தியோகங்கள் 1980 நவம்பரில் நீக்கப்பட்டன. ஊர்க் குடும்பங்களின் மூன்று தலைமுறையை மனப்பாடமாக அறிந்த கர்ணம் இன்றில்லை. புதிதாக மாற்றலாகி வந்த கிராம நிர்வாக அலுவலர் அக்கம்பக்கத்தார் வாக்குமூலத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. ஆகவே, அவ்வாக்குமூலத்தை வாங்குவதில் கண்டிப்பு வேண்டும். மனுதாரரின் மனுவிலுள்ள பெயர்களோடு நிறுத்தாமல், இறந்தவருக்குப் பெண் மக்கள் எத்தனை பேர், எந்த ஊரில் கொடுத்திருக்கிறது, முன்னரே இறந்த மக்களுக்குச் சந்ததி உண்டா, முதல் தாரத்து மக்கள் உண்டா, தாயார் ஜீவந்தரா என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இவற்றுள் தாயார் விடுபடுவதே அதிகம். பிள்ளை முந்தி இறந்து தாயார் பிந்தியிருக்கும் வீட்டில், மனைவி மக்களோடு தாயாருக்கும் ஒரு சமபங்கு உண்டென்பது பலருக்குத் தெரியாது.

கலியாணமாகிப் போன பெண்ணின் பெயரை விட்டு வாரிசுச் சான்று பெற்றுவிட்டால் காரியம் சுலபம் என்று சில சகோதரர்கள் எண்ணுகிறார்கள். சான்றில் பெயர் இல்லாமையால் அப்பெண்ணின் பங்கு போய்விடுவதில்லை. அச்சான்று வாரிசு இன்னாரென்று காட்டுவதேயன்றிச் சொத்துரிமையைத் தீர்மானிப்பதன்று. பதினைந்து வருஷம் கழித்து அவரோ அவர் மக்களோ தாவா போடும்போது, நிலத்தை வாங்கி மேடு திருத்தி, போர் இறக்கி, தென்னை வைத்தவரே நடுத்தெருவில் நிற்பார். பெண் மனமுவந்து தம் பங்கை விடுவதானால் அதற்கு ரிஜிஸ்தர் செய்த விடுதலைப் பத்திரம் எழுதிக்கொள்வதே முறை. அதில் எழுதப்படும் தொகை உண்மையில் கைமாறியிருக்க வேண்டும். சீரும் நகையும் அன்றே செய்தாயிற்று என்று சொல்லி வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவது பிற்காலத்தில் நிற்காது, நிற்கவும் கூடாது.

வாரிசுச் சான்று கிடைத்ததும் எல்லா வாரிசுகள் பெயரிலும் கூட்டுப் பட்டாவுக்கு மனுச் செய்யலாம். பாகம் பிரிய இன்னும் நாளாகும் என்ற குடும்பங்கள்கூட இதைத் தள்ளிப்போடலாகாது. கூட்டுப் பட்டாவினால் எவருக்கும் நஷ்டமில்லை. அடுத்த மரணம் நேரும்போது விசாரணை அந்த ஒருவரோடு நின்றுவிடும். மேலே கண்ட குடும்பத்தில் 1962, 1975, 1990 என்று அந்தந்தச் சமயத்தில் பெயர் மாற்றியிருந்தால், பதினொருவரைத் தேட வேண்டிய அவசியமே வந்திராது. தாசில்தார் உத்தரவில் குறையிருப்பின் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், அதன்மேல் மாவட்ட வருவாய் அலுவலரிடம் மறுசீராய்வும் செய்யலாம். பாத்தியதையே தகராறு எனில் சிவில் கோர்ட்டுதான் இடம்.

உயில் எழுதியவர்களின் குடும்பங்களிலும் தொல்லை இல்லாமலில்லை. உயிலுக்கு முத்திரைத்தாளும் வேண்டியதில்லை, ரிஜிஸ்தரும் கட்டாயமில்லை. ஆனால் எழுதியவர் கையொப்பமிட்டதைப் பார்த்த சாட்சிகள் இருவரேனும் கையொப்பமிட்டிருத்தல் அவசியம். அவர்களில் ஒருவராவது பின்னர் கோர்ட்டில் வந்து சொல்ல வேண்டியிருக்கும். எழுபது வயதுக்காரர் தம் வயதொத்த நண்பர்களையே சாட்சியாக வைத்துக்கொள்வது வழக்கம்; உயில் வெளிவரும் நாளில் மூவருமே இருப்பதில்லை. சாட்சிகளில் ஒருவராவது இளவயதினராக இருப்பது நலம். ஆதாயம் பெறும் பிள்ளையே எழுத்தரையும் சாட்சிகளையும் அழைத்து வந்து, ஆஸ்பத்திரிப் படுக்கையில் கைநாட்டு வாங்கிய உயில்களைக் கோர்ட்டார் மிகுந்த சந்தேகத்தோடே பார்க்கிறார்கள். மேலும், தமக்குள்ள பங்குக்கு மேல் எவரும் உயில் எழுத முடியாது. பிதிரார்ஜித நிலம் முழுவதையும் தம்முடையதென்று எழுதிய தகப்பனாரின் உயில், அவர் பங்களவுக்கே செல்லும்.

மைனர் வாரிசு இருக்குமிடத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். தந்தை இறந்து மைனருக்கு வந்த பங்கைத் தாயார் கோர்ட்டு அனுமதியின்றி விற்கவோ அடமானம் வைக்கவோ இயலாது. அவ்வாறு விற்றால், மைனர் மேஜரான மூன்று வருஷத்துக்குள் அக்கிரயத்தைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். வைத்தியச் செலவுக்கென்று அவசரத்தில் நடக்கும் இத்தகைய கிரயங்களை மலிவான விலைக்கு வாங்குபவர் மலிவாக வாங்கியதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். ஊரை விட்டுப் போய்த் தகவலில்லாத வாரிசு ஒருவர் இருப்பின், ஏழு வருஷம் வரையில் எவருக்கும் செய்தி இல்லையானால் இறந்ததாக அநுமானிக்க இடமுண்டு. ஆயினும், அதைக் கோர்ட்டு மூலம் ஸ்தாபித்துக்கொள்வதே பத்திரம்.

கடன்களைப் பொறுத்தவரை, இறந்தவரின் சொத்தை எவ்வளவுக்குப் பெற்றார்களோ அவ்வளவுக்கே வாரிசுகள் ஈடு. கூட்டுறவுச் சங்கத்துக் கடனைப் பாகத்தின்போது கணக்கில் சேர்க்காமல், உழுபவர் தலையில் முழுவதையும் சுமத்துவது நியாயமன்று. பாங்கி டிபாசிட்டுக்கு நாமினியாகக் குறிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் அதிகாரமுடையவரேயன்றி, மற்ற வாரிசுகளின் பங்கை விழுங்கும் அதிகாரமுடையவரல்லர். நாமினி இல்லாவிடின், தொகைக்கேற்பக் கோர்ட்டிலிருந்து வாரிசுரிமைச் சான்று கேட்கப்படலாம். தாசில்தாரின் வாரிசுச் சான்று வேறு, இது வேறு.

பாகஸ்தர் ஒருவர் தம் பங்கை அந்நியருக்கு விற்க நினைத்தால், உடன் வாரிசுகளுக்கு அதை முதலில் வாங்கிக்கொள்ளும் உரிமை உண்டு. விவசாய நிலத்துக்கும் இது பொருந்துமென்று 2019இல் சுப்ரீம் கோர்ட்டார் தீர்மானித்திருக்கிறார்கள். 24 சென்ட் பங்குக்காரர் தனியே பயிரிட்டுப் பிழைக்க முடியாது. உழுபவருக்கே அதைக் கிரயமாகக் கொடுத்துவிட்டால் நிலமும் சிதறாது, பணமும் கைக்கு வரும். பேச்சு முறிந்து பாக தாவா போடும் குடும்பங்கள், முதல்நிலை டிக்ரியோடு காரியம் முடிந்ததென்று இருந்துவிடக்கூடாது. அதில் பங்கின் அளவு மாத்திரமே தீர்மானமாகும். கமிஷனர் வந்து நிலத்தை அளந்து, இன்ன பாகம் இன்னாருக்கென்று இறுதி டிக்ரி ஆனால்தான் உட்பிரிவும் தனிப் பட்டாவும் கேட்க முடியும்.

சமாதானமாகப் பாகப்பத்திரம் எழுதும் குடும்பங்கள் பரப்பை மாத்திரம் எழுதி நிறுத்திவிடுகின்றன. அது போதாது. மடையிலிருந்து எந்தப் பாகத்துக்கு முதலில் தண்ணீர், பின்பாகத்துக்கு வாய்க்கால் யார் நிலத்தின் வழியே எவ்வளவு அகலத்தில் செல்லும், அறுவடை இயந்திரமும் வண்டியும் போக எத்தனை அடிப் பாதை, வரப்போரத்துப் பனையும் தென்னையும் எவரைச் சேரும் என்பவற்றைத் தெளிவாக எழுதி, நில அளவர் போட்ட வரைபடத்தையும் சேர்க்க வேண்டும். கிணறு பொதுவாக நிற்குமானால் முறை நாட்களையும், தூர் வாரும் செலவின் பங்கையும் குறிக்க வேண்டும். மோட்டாரின் மின் இணைப்பும் பெரும்பாலும் இறந்தவர் பெயரிலேயே இருக்கும். அதை ஒருவர் பெயருக்கு மாற்ற மற்ற வாரிசுகளின் சம்மதம் கேட்கப்படுமாதலால், அச்சம்மதத்தைப் பாகப்பத்திரத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டால் மின்வாரிய அலுவலகத்துக்குப் பதினொருவரையும் மறுபடி அழைத்துச் செல்ல வேண்டியிராது. பத்திரம் எழுதும் நாளில் வயலில் பயிர் நின்றால், அந்தப் போக மகசூல் விதைத்தவருக்கா அல்லது பங்குப்படியா என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுவது நலம்.